கொரியப் பெயர் எடுத்துத் தரும் சேவைகள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

பிறந்த தேதியைத் தட்டினால் கொரியப் பெயர் தரும் தளங்கள் இணையத்தில் கணக்கில்லாமல் கிடக்கின்றன. கே-டிராமா ரசிகர்களுக்கு அது நல்ல விளையாட்டு. ஆனால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறவர், முத்திரை செதுக்கக் கொடுக்கிறவர், கதாபாத்திரத்துக்குப் பெயர் தேடுகிறவர் ஆகியோர் அதை நம்பி இறங்கினால் சிக்கல்தான்.

முதல் கோளாறு பொருளில். "ஜி என்றால் அறிவு" என்று அந்தத் தளம் சொல்லும். அறிவைக் குறிக்கும் ஜி உண்டு, மறுக்கவில்லை. மன உறுதிக்கு ஒரு ஜி, நிலத்துக்கு ஒரு ஜி, மரக்கிளைக்கு ஒரு ஜி என்று வேறு பலவும் உண்டே! கொரிய எழுத்தான ஹங்குலில் எழுதினால் எல்லாம் ஒரே எழுத்து. எந்தப் பொருள் என்று முடிவு செய்வது அதற்குப் பின்னால் நிற்கும் ஹஞ்சா, அதாவது சீன எழுத்து. 'மின்' என்பதும் அப்படித்தான்: மக்கள், சுறுசுறுப்பு, ஜேடு போன்ற கல், இலையுதிர்கால வானம். ஹஞ்சா தராமல் பொருள் மட்டும் சொல்லும் தளம் ஊகத்தைத்தான் விற்கிறது.

விதிவிலக்கு, தூய கொரியச் சொற்களால் ஆன பெயர்கள். ஹானுல் என்றால் வானம், இசுல் என்றால் பனித்துளி, படா என்றால் கடல். இவற்றுக்கு ஹஞ்சா தேவையில்லை, சொல்லே பொருள். (ஹானுல், இசுல் இரண்டிலும் உள்ள உகரம் நம் குற்றியலுகரம் மாதிரி உதடு குவியாமல் வரவேண்டும். தமிழர்களுக்கு இது சுலபம்.)

இரண்டாவது கோளாறு காலம். தளங்கள் அடிக்கடி தரும் சுன்-ஜா, யோங்-ஜா எல்லாம் 1940களின் பெயர்கள். இன்றைய பெண் குழந்தைக்கு அதைச் சூட்டுவது, இங்கே குப்பம்மாள் என்று வைப்பது போல. 1988 இல் பிறந்தவர்களிடையே ஜி-ஹூன், ஜி-ஹே முன்னணியில் இருந்தன. 2008 இல் மின்-ஜுன், ஸோ-யோன். பெயரைக் கேட்டாலே வயதைச் சொல்லிவிடுவார்கள். எழுத்தாளர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

இலவசத்தில் உருப்படியானது தென்கொரிய உச்ச நீதிமன்றம் நடத்தும் மின்னணுக் குடும்பப் பதிவுத் தளம்தான். பெயருக்கு அனுமதிக்கப்பட்ட ஹஞ்சாக்களை ஒலியை வைத்து அங்கே தேடலாம். 1991 இல் இந்தப் பட்டியல் முறை வந்தபோது மூவாயிரத்துக்கும் குறைவாக இருந்த எழுத்துகள், 2024 திருத்தத்துக்குப் பிறகு 9,389. பட்டியலில் இல்லாத எழுத்தை விரும்பினால் பதிவேட்டில் ஹங்குல் மட்டும்தான் ஏறும். 2008 முதல் எந்தப் பெயர் எத்தனை குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது என்ற புள்ளிவிவரமும் அங்கேயே உண்டு.

வேலை செய்யும் முறை இதுதான். முதலில் ஒலியை முடிவு செய்யுங்கள். நீதிமன்றப் பட்டியலில் அந்த ஒலிக்குரிய எழுத்துகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் கொரிய இணையதளமான நேவரின் ஹஞ்சா அகராதியில் போட்டுப் பொருள், மூலக்குறி (எழுத்தின் அடிப்படை உறுப்பு), எழுதத் தேவையான கோடுகளின் எண்ணிக்கை பாருங்கள். கடைசியில் புள்ளிவிவரத்தில் பெயர் ஆணுடையதா பெண்ணுடையதா, இன்னும் புழக்கத்தில் உள்ளதா என்று சரிபாருங்கள். குறை என்றால், எல்லாம் கொரிய மொழியில்தான். ஹங்குல் தட்டச்சு தெரியாமல் நகர முடியாது. இன்னொன்று, பட்டியலில் ஓர் எழுத்து இருப்பது பதிவுக்குத் தடையில்லை என்பதற்கு மட்டுமே சான்று. பெயருக்கு அழகா என்பதை அது சொல்லாது.

இனி காசு வாங்கும் இடம்: ஜங்ம்யோங்சோ, பெயர் சூட்டும் நிலையம். (எழுத்தில் 'ஜக்', வாயில் 'ஜங்'.) இணையத்தில் சில பத்தாயிரம் வோனுக்கும் கிடைக்கும், பேர்போன நிபுணர் என்றால் சில லட்சம் வோன். கொடுக்கவேண்டிய விவரங்கள்: குடும்பப் பெயரின் ஹஞ்சா, அதன் பூர்விக ஊரான போன்-குவான், பிறந்த நாளும் நேரமும், குலத்தில் அந்தத் தலைமுறைக்கென்று பொது எழுத்து இருந்தால் அது. திரும்பக் கிடைப்பது சில பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்ட சான்றுத்தாளும்.

கணக்கு மூன்று அடுக்கு. பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகிய நான்கு தூண்களிலிருந்து மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஆகிய ஐந்தில் எது குறைவு என்று பார்ப்பது ஒன்று. பெயரின் முதல் மெய்யொலிகளை அதே ஐந்தில் பொருத்துவது இரண்டு. கோடுகளைக் கூட்டி 81 எண்களில் நல்லது கெட்டது பார்ப்பது மூன்று. நம்மூர் நியூமராலஜிக்காரருக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இந்த மூன்றாவது அடுக்கில்தான் நிலையத்துக்கு நிலையம் விடை மாறுகிறது. கிம் மின்-சு என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். கிம் 8 கோடு. வானத்தைக் குறிக்கும் மின், மேலே சூரியன் கீழே எழுத்து என்ற வடிவம், 8 கோடு. நீர்க்குறி கொண்ட சு, எழுதும்போது 9 கோடு. பெயரின் இரண்டு எழுத்தும் 17, கிம்மும் மின்னும் 16, கிம்மும் சுவும் 17, மொத்தம் 25. நான்கும் நல்ல எண்கள். இப்போது மூலக்கோடு முறையில் எண்ணும் நிலையத்துக்குப் போங்கள். மூன்று புள்ளி நீர்க்குறியை அவர்கள் 'நீர்' என்ற முழு எழுத்தாகக் கொண்டு 4 என்பார்கள். சு 10 ஆகிவிடும். மொத்தம் 26. அது அலைக்கழிக்கும் எண் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதே பெயர், அதே எழுத்து! எனவே பணம் கட்டும் முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "மூலக்கோடா, எழுதும் கோடா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். கையில் இருக்கும் பெயரை இன்னொரு கடையில் காட்டி "இது நல்லதா" என்று கேட்பது வீண். அடுத்த கடைக்கு அது புது வியாபாரம்.

பிறந்த நேரத்திலும் பிழை நுழையும். கொரியக் கடிகாரம் ஓடுவது 135 பாகைத் தீர்க்கரேகையை வைத்து; சியோல் இருப்பதோ சுமார் 127 பாகையில். அதனால் உண்மையான சூரிய நேரம் அரைமணி நேரம் பின்தங்கும். பல நிபுணர்கள் இதைக் கழிக்கிறார்கள், சிலர் கழிப்பதில்லை. 1987, 1988 கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள்; அந்த மாதங்களில் பிறந்து இப்போது பெயர் மாற்றுகிறவர்கள் அதையும் சொல்லவேண்டும். இந்தியாவில் பிறந்தவர்கள் பிறந்த ஊர் நேரத்தை அப்படியே கொடுத்து, ஊரையும் குறிப்பிடுங்கள். கொரிய நேரம் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் தூணே மாறலாம்.

நான்கு தூண்களில் நம்பிக்கை உள்ள குடும்பம் என்றால், அல்லது மாமியார் வீட்டாருக்குச் சான்றுத்தாள் காட்டவேண்டும் என்றால், ஜங்ம்யோங்சோவுக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. நல்ல பொருளும் இனிய ஒலியும் போதும் என்கிறவர்களுக்கு நீதிமன்றப் பட்டியலும் அகராதியுமே தாராளம்.

எந்த வழியில் எடுத்தாலும், பதிவுக்கு முன் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குடும்பப் பெயர் முன்னால் வருவதால் விபரீதம் நடக்கும்: இம் என்ற குடும்பப் பெயரோடு ஷின்-ஜுங் சேர்ந்தால் 'கர்ப்பமாக இருக்கிறார்' என்று காதில் விழும். கூப்பிட்டும் பாருங்கள். மெய்யில் முடிந்தால் 'ஆ' (மின்-ஜுனா), உயிரில் முடிந்தால் 'யா' (ஜி-ஹேயா). மரியாதைக்கு 'ஷி' சேர்ப்பது முழுப்பெயரோடு அல்லது சொந்தப் பெயரோடு மட்டும். வெறும் 'கிம் ஷி' என்றால் முகம் சுளிப்பார்கள். 2015 கணக்கெடுப்பில் கிம் மட்டும் 21.5 சதவீதம், லீ 14.7, பார்க் 8.4 என்றிருக்க, வெறும் குடும்பப் பெயர் யாரையும் தனியாகச் சுட்டாது.

சட்டப்படி, குடும்பப் பெயரை விட்டுச் சொந்தப் பெயர் ஐந்து எழுத்துக்கு மேல் போகக்கூடாது. பிறப்பை ஒரு மாதத்துக்குள் பதியவேண்டும். தவறினால் 50,000 வோன் வரை அபராதம். குடியுரிமை பெற்றவர்கள் குடும்ப நீதிமன்ற அனுமதியோடு புதுக் குடும்பப் பெயரும் போன்-குவானும் தொடங்கலாம். ஜெர்மனியில் பிறந்து பின்னாளில் கொரியச் சுற்றுலாக் கழகத் தலைவரான லீ சாம் அப்படி 'ஜெர்மனி லீ' என்ற குலத்தையே தொடங்கியவர்.

முத்திரைக் கடைகளில் பெயர் செதுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அலுவலகத்தில் பதியும் முத்திரை 7 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 30 மில்லிமீட்டருக்கு மிகாமலும் இருக்கவேண்டும். ரப்பர் போல வடிவம் மாறும் பொருள் ஏற்கப்படாது. பதிவில் உள்ள பெயரோடு பொருந்தவேண்டும். தளம் தந்த பெயரை அழகான கல்லில் செதுக்கினால் அது மேசைமேல் வைக்கத்தான்.