வேளச்சேரியா, நங்கநல்லூரா?

சென்னையில் வீடு வாங்க எட்டு மாதம் அலைந்தோம். கடைசியில் மிஞ்சியவை வேளச்சேரியும் நங்கநல்லூரும். வாங்கியது நங்கநல்லூரில். என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வசதிக்கு வேளச்சேரிதான். பறக்கும் ரயில், விஜயநகர் பஸ் ஸ்டாண்டு, கடைகண்ணி, எல்லாம் கைக்கெட்டும் தூரம். தரமணியில் வேலை பார்க்கும் என் மனைவிக்கு அங்கிருந்து கால் மணி நேரம்கூட ஆகாது. இப்போது அலைச்சல் அதிகம். அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் இருக்கிறது.

ஆனால் மழைக்காலம் என்று ஒன்று இருக்கிறதே. வேளச்சேரியில் ஒரு ஃபிளாட் எங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முதல் மாடி, கிழக்குப் பார்த்த வாசல். "இந்தத் தெருவுல தண்ணியே நிக்காது சார்" என்றார் புரோக்கர். கீழே கார் நிறுத்துமிடத்தில் புதுப் பெயிண்ட். மீட்டர் பெட்டி மட்டும் என் தலைக்கு மேலே இருந்தது. எதிரே இஸ்திரி போடும் அண்ணனிடம் கேட்டேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, தூணில் தன் நெஞ்சு உயரத்துக்குக் கையை வைத்தார். "2015-ல இதுவரைக்கும். 2023 டிசம்பர்ல இடுப்பு வரைக்கும்."

ஆதம்பாக்கம் பக்கத்துத் தண்ணீர் வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகவேண்டும். வேளச்சேரி ஏரியும் சுருங்கி, சதுப்பு நிலமும் சுருங்கிய பிறகு, அது தெருக்களில் தங்கிவிடுகிறது. முதல் மாடிக்குள் வெள்ளம் வராதுதான். ஆனால் கரண்ட் இருக்காது, மோட்டார் ஓடாது, சம்ப்பில் சாக்கடை கலந்துவிடும். முழங்கால் ஆபரேஷன் ஆன அம்மாவை வைத்துக்கொண்டு நாலு நாள் அப்படி இருக்க முடியுமா? 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கே குடியிருப்பவர்களின் பயத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

நங்கநல்லூரில் பழவந்தாங்கல் ஸ்டேஷனும் மெட்ரோவும் இருக்கின்றன. அம்மா ஆஞ்சநேயர் கோயிலுக்குத் தானே போய்வருகிறார். விமானச் சத்தம் உண்டு. போன் பேச்சைப் பாதியில் நிறுத்திக் காத்திருக்கப் பழகிவிட்டோம். மழை பெய்தால் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், சுற்றித்தான் போகவேண்டும்.

போன நவம்பரில் ஓர் இரவு விடாமல் கொட்டியது. தெருவில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் காலை எட்டு மணிக்குள் வடிந்துவிட்டது. ஆனால் நாங்கள் பார்த்தது ஒரே ஒரு பருவமழை. தாழ்வான தெருக்கள் இங்கேயும் உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தத் தெரு இஸ்திரிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.