கோல்ஃப் கிளப் சந்தா: மொத்தமாகவும் கட்டிப் பார்த்தேன், தவணையிலும் கட்டிப் பார்த்தேன்

இங்கிலாந்தில் கோல்ஃப் கிளப்பில் சேரப்போகும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது சந்தாவைப் பற்றித்தான். "வருஷத்துக்கு மொத்தமா கட்டுறதா, மாசா மாசம் கட்டுறதா, எது லாபம்?" உறுப்பினர்களே நடத்தும் ஓர் உறுப்பினர் கிளப்பிலும், முதலாளி நடத்தும் ஒரு தனியார் கிளப்பிலும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். மொத்தமாகவும் கட்டியிருக்கிறேன், தவணையிலும் கட்டியிருக்கிறேன். என் அனுபவத்தில் வட்டிக் கணக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆண்டின் நடுவில் ஏதாவது நடந்தால் உங்கள் பணம் யார் கையில் இருக்கும் என்பதுதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்.

முதலில் தவணையைப் பற்றி. படிவத்தில் 'மாதாந்திர டைரக்ட் டெபிட்' என்று ஒரே வரியாக இருந்தாலும் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கிளப்பே மாதாமாதம் நம் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். இன்னொன்றில் நடுவில் ஒரு நிதி நிறுவனம் இருக்கும். அது ஆண்டுச் சந்தா முழுவதையும் கிளப்புக்குத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடும். நாம் கட்டும் தவணை அந்த நிறுவனத்துக்குப் போகும். கிளப்பைப் பொறுத்தவரை நாம் முழுப் பணத்தையும் கட்டியவர்கள். நிறுவனத்தைப் பொறுத்தவரை நாம் கடன்காரர்கள். இந்த வேறுபாட்டைச் சேரும்போதே யாராவது சொல்லித் தர வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

இரண்டாவது வகையில் 'ஐந்து சதவீதம் மட்டும் கூடுதல்' என்பதுபோல எழுதியிருப்பார்கள். நம் ஊரில் பைக் கடனுக்குச் சொல்லும் ஃப்ளாட் வட்டி மாதிரிதான் இதுவும். சந்தா 1,200 பவுண்ட், கூடுதல் 60 பவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 105 பவுண்டாக 12 தவணை. மாதாமாதம் அசலையும் கட்டிக்கொண்டே வருவதால், ஆண்டு முழுக்கப் பார்த்தால் சராசரியாகப் பாதிப் பணத்துக்கும் கொஞ்சம் அதிகமாகத்தான் நாம் கடன்பட்டிருப்போம். உண்மையான ஆண்டு வட்டி ஒன்பதரை சதவீதம் அளவுக்கு வரும். முதல் தவணையைச் சேரும் அன்றே வாங்கிவிட்டால் இன்னும் ஏறும். ஒப்பந்தத்தில் ஏபிஆர் (உண்மையான ஆண்டு வட்டி விகிதம்) என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

கிளப்பே வட்டியில்லாமல் தவணை கொடுத்தால் மறுபக்கக் கணக்கு வரும். அந்த 1,200 பவுண்டைச் சேமிப்புக் கணக்கில் வைத்து, மாதம் 100 எடுத்துக் கட்டினால், நான்கு சதவீத வட்டியில் ஆண்டு முடிவில் 25 பவுண்ட் அளவுக்குக் கிடைக்கும். மொத்தமாகக் கட்டுபவர்களுக்குக் கிளப் தள்ளுபடி கொடுத்தால் அந்தச் சின்ன லாபமும் போய்விடும். வட்டி விவகாரம் அவ்வளவுதான். நூறு பவுண்டுக்குள் அடங்கிவிடும்.

2020-இல் நான் மொத்தமாகக் கட்டியிருந்தேன். மார்ச் 23 அன்று ஊரடங்கு அறிவித்தார்கள், இங்கிலாந்தில் மைதானங்கள் மூடின. மே 13-இல்தான் திறந்தன. நவம்பரில் மறுபடி நான்கு வாரம். 2021 ஜனவரி தொடக்கத்திலிருந்து மார்ச் 29 வரை இன்னொரு முறை. ஏப்ரலில் தொடங்கும் சந்தா ஆண்டில் கணிசமான பகுதி பூட்டிய மைதானத்துக்குப் போனது. எங்கள் கிளப் உறுப்பினர்களே நடத்துவது. புல் வளர்ச்சி ஊரடங்கைப் பார்த்து நிற்காது, மைதானப் பணியாளர்களுக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தர முடியாது, அடுத்த ஆண்டுச் சந்தாவில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்கிறோம் என்று குழு முடிவெடுத்தது. நான் முழு மனதோடு ஏற்றுக்கொண்டேன். உறுப்பினர் கிளப்பில் நாம் வாடிக்கையாளர் அல்ல, பங்காளி. இலாப நோக்கற்ற அமைப்பு என்பதால் அங்கே விளையாடும் உறுப்பினர் சந்தாவுக்கு வாட் வரி கிடையாது. தனியார் முதலாளி நடத்தும் கிளப்பில் சந்தாவுக்குள் 20 சதவீத வாட் இருக்கும். இரண்டு கிளப்புகளின் கட்டணத்தை ஒப்பிடும்போது இதையும் மனதில் வையுங்கள்.

தனியார் கிளப்பில் இருந்தபோது நிதி நிறுவனத் தவணையில் இருந்தேன். ஓர் இலையுதிர்காலத்தில் முழங்கால் கெட்டு, வசந்தம் வரை விளையாடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கிளப் செயலாளர் நல்ல மனிதர், உறுப்பினர் உரிமையை நிறுத்திவைக்க உடனே சம்மதித்தார். ஆனால் தவணையை அவரால் நிறுத்த முடியவில்லை. அது எனக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ள கடன், கிளப் அதில் தலையிட முடியாது. மைதானத்தில் கால் வைக்காமலே அந்தக் குளிர்காலம் முழுக்கப் பணம் போய்க்கொண்டிருந்தது. மீதி மாதங்களுக்கு உரிய தொகையை அடுத்த ஆண்டுக்கு வரவு வைத்தார்கள். பணமாகக் கைக்கு எதுவும் வரவில்லை. கிளப்போடு நேரடித் தவணையில் இருந்த என் விளையாட்டுத் தோழர் ஒருவருக்கு அதே குளிர்காலத்தில் முதுகுவலி. ஒரு மின்னஞ்சலோடு அவருடைய தவணை நின்றது. இந்த ஒன்றுக்காகவே நேரடித் தவணையை நான் உயர்வாக மதிக்கிறேன்.

நிதி நிறுவனத் தவணை கடன் என்றால் கடன்தான். தவணை தவறினால் கடன் வரலாற்றில் பதிவாகலாம். வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கப்போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கட்டணம் வாங்கும் இத்தகைய ஒப்பந்தத்திலிருந்து 14 நாட்களுக்குள் விலகிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. விலகினால் கடன் ஒப்பந்தம்தான் போகும், சந்தாவை வேறு வழியில் கட்டியாக வேண்டும்.

மொத்தமாகக் கட்டுவதில் உள்ள உண்மையான அபாயம் கிளப்பே மூடப்படுவது. வீட்டுமனைக்காக மைதானத்தை விற்பதும், கடன் தாங்காமல் மூடுவதும் இங்கே நடக்கிறவைதான். திவாலானால், முன்பணம் கட்டிய உறுப்பினர் பிணையற்ற கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்பார். வங்கியும் மற்றவர்களும் எடுத்தது போக மிஞ்சினால்தான் நமக்கு. இதற்கு ஒரு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரை விலையுள்ள ஒன்றைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்றவர் ஏமாற்றினாலோ மூடிவிட்டாலோ கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. முழுத்தொகையையும் கார்டில் போட வேண்டியதில்லை, ஒரு பகுதியைப் போட்டாலும் பாதுகாப்பு உண்டு. டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. கிரெடிட் கார்டு என்பதற்காகக் கூடுதல் கட்டணம் கேட்பது 2018 ஜனவரி 13 முதல் தடை. கார்டே வாங்காத கிளப்புகள் உண்டு. மொத்தமாகக் கட்டுவதாக இருந்தால், கார்டு வாங்குவார்களா என்று முதலில் கேளுங்கள். அந்த மாதம் வரும் கார்டு பில்லை முழுதாக அடைக்க வழியிருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

சேரும் ஆண்டில் இன்னொன்று. தவணை என்றாலும் எல்லாம் தவணையில் அடங்காது. நுழைவுக் கட்டணம் இருந்தால் அது, கவுண்டி (மாவட்ட) அமைப்புக்கும் தேசிய அமைப்பான இங்கிலாந்து கோல்ஃபுக்கும் போகும் இணைப்புக் கட்டணம், பாரில் செலவழித்தே ஆக வேண்டிய, கிளப் கார்டில் ஏற்றும் தொகை, இவற்றைப் பல இடங்களில் முதல் நாளே வாங்கிவிடுவார்கள். முதல் மாதம் 100 பவுண்ட் என்று நினைத்துப் போனவர் அதைப்போல் சில மடங்கு கட்ட நேரிடும்.

இப்போது நான் உறுப்பினர் கிளப்பில் வட்டியில்லா நேரடித் தவணையில் கட்டுகிறேன். அது கிடைக்காத இடத்தில் சேர நேர்ந்தால் நிதி நிறுவனத்தின் பக்கம் போக மாட்டேன். சேருவதற்கு முன் ஓராண்டு சந்தாவில் பன்னிரண்டில் ஒரு பங்கை மாதாமாதம் தனிக்கணக்கில் ஒதுக்கி, கிரெடிட் கார்டில் மொத்தமாகக் கட்டுவேன். அந்த ஓராண்டு காத்திருக்க முடியாதவர்களுக்கு வாரநாள் மட்டும் விளையாடும் ஐந்து நாள் உறுப்பினர் வகை இருக்கிறது, சந்தா குறைவு. ஹேண்டிகேப், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண், அதிலும் கிடைக்கும். கடைசி 20 ஸ்கோரில் சிறந்த 8-ஐ எடுத்துக் கணக்கிடுவதில் எந்த வகை உறுப்பினர் என்பது வராது.

விலக நினைக்கும்போது வங்கியில் டைரக்ட் டெபிட்டை மட்டும் நிறுத்திவிட்டு இருந்துவிடாதீர்கள். அது பணம் போகும் குழாயை அடைப்பது மட்டுமே, சந்தா பாக்கி அப்படியே நிற்கும். டைரக்ட் டெபிட் உத்தரவாதம் தவறாக எடுத்த பணத்தைத் திருப்பித் தருவதற்கு, ஒப்பந்தத்தை முறிப்பதற்கு அல்ல. விலகல் கடிதம் எந்தத் தேதிக்குள் போய்ச்சேர வேண்டும் என்று கிளப் விதிகளில் இருக்கும். ஆண்டு புதுப்பிப்புக்கு முன்பே அதை எழுத்தில் அனுப்பி, கிடைத்தது என்று செயலாளரிடமிருந்து பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.