குன்னூரிலிருந்து கரி டிராக்குக்கு: ஸ்விஃப்டா, போலோ ஜிடியா?

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் குடியிருந்துகொண்டு, வாரநாளில் வேலைக்கும் கடைக்கும் ஓட ஒரு வண்டி வேண்டும். அதே வண்டி எப்போதாவது ஒரு ஞாயிறு கோவை செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நாலு சுற்று சுற்றவும் வேண்டும். பட்ஜெட் பழைய வண்டிக்குத்தான் என்றால் பேச்சு பெரும்பாலும் இரண்டு பெயரில் வந்து நிற்கும். ஒன்று, 2018-ல் வந்த மூன்றாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட், பெட்ரோல் மேனுவல். இன்னொன்று, 2013-ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 டர்போவும், இரட்டைக் கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றும் 7 கியர் டிஎஸ்ஜியும் உள்ளது. மியாட்டா, எலீஸ் மாதிரி லேசான வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் படத்தில் பார்த்துப் பெருமூச்சு விடலாம். நம் சாலையில், நம் காசில் லேசான வண்டி என்றால் ஹேட்ச்பேக்தான்.

என் தேர்வு ஸ்விஃப்ட். இந்தக் கட்டுரையும் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுவோம். மைலேஜ், மறுவிற்பனை, உதிரிபாகம் மூன்றிலும் ஸ்விஃப்ட். கதவு மூடும் சத்தம், நெடுஞ்சாலையில் நிதானம், சீட், உள்வேலைப்பாடு எல்லாவற்றிலும் போலோ. இதில் வாதாட ஒன்றும் இல்லை.

மலையில் முதலில் இடிப்பது உயரம். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு மூச்சு வாங்கும். 2021-க்குப் பிறகு வந்த 90 பிஎஸ் ஸ்விஃப்ட் ஊட்டியில் 72, 73 பிஎஸ் வண்டிதான். போலோவின் டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். 175 என்எம் டார்க்கும் 1,500 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கும். லவ்டேல் ஏற்றத்தில் லாரியை முந்தும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஸ்விஃப்டில் ஒரு கியர் இறக்கி 4,000-க்கு மேல் முறுக்கித்தான் முந்த வேண்டும். ஆனால் டிராக் இருப்பது சுமார் 400 மீட்டர் உயரத்தில். அங்கே ஸ்விஃப்டுக்குப் போன மூச்சு திரும்பி வந்துவிடும். 880 கிலோவுக்கு 90 பிஎஸ், 1,100 கிலோவுக்கு 105 பிஎஸ் என்று வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு ஸ்விஃப்டில் 102, போலோவில் 95.

அதற்காக மட்டும் ஸ்விஃப்ட் என்று சொல்லவில்லை. மலையில் இருப்பவருக்கு டிராக் டே, அதாவது சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டும் நாள், டிராக்கில் தொடங்கி டிராக்கில் முடிவதில்லை. விடியற்காலையில் 1,500 மீட்டர் உயரம் இறங்க வேண்டும், பகலில் சுற்ற வேண்டும், மிச்சமிருக்கும் பிரேக் பேட், கிளட்ச், டயரை வைத்துக்கொண்டு இருட்டுவதற்குள் அதே 1,500 மீட்டர் ஏறி வீடு சேர வேண்டும். அந்த ஒரு நாளில் வண்டி எவ்வளவு சூட்டைத் தாங்குகிறது என்பதுதான் கணக்கு. கோவைக்காரருக்கு இந்தக் கவலை பாதி.

பிரேக்கையே எடுத்துக்கொள்வோம். ஓட்டுபவரையும் சேர்த்து, 120-லிருந்து 60-க்கு ஒரு தடவை வேகத்தைக் குறைத்தால் ஸ்விஃப்டின் பிரேக் ஏறக்குறைய 400 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், போலோவின் பிரேக் 490. கரி டிராக் சுமார் 2.1 கிலோமீட்டர்தான், வளைவுகள் அடுத்தடுத்து வரும், டிஸ்க் ஆறுவதற்கு இடமே கிடைக்காது. எடையில் 23 சதவீதம் கூடுதல் என்றால் ஒவ்வொரு வளைவிலும் 23 சதவீதம் கூடுதல் சூடு. இதோடு குன்னூர் - மேட்டுப்பாளையம் இறக்கத்தையும் சேர்க்க வேண்டும். அந்த 1,500 மீட்டர் இறக்கத்தில் வெளியேற வேண்டிய ஆற்றல், டிராக்கில் அப்படி 35 தடவை பிரேக் பிடிப்பதற்குச் சமம். அதில் பெரும்பங்கை எஞ்சின் எடுத்துக்கொள்ளும், நாம் விட்டால்.

ஸ்விஃப்டில் விடுவது எளிது. பாதி வழியில் வரும் பர்லியாருக்குக் கீழே கொண்டை ஊசிகளுக்கு செகண்ட் கியர், நடுவில் கொஞ்சம் நேராக வந்தால் தேர்டு. பிரேக்கை உரசிக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து முழுதாக விட்டுவிட வேண்டும். டிஎஸ்ஜியில் லீவரை டி-யில் விட்டால் அது எரிபொருளை மிச்சப்படுத்துகிறேன் என்று மேல் கியருக்குப் போய்விடும், சுமை முழுக்கப் பிரேக்கின் தலையில் விழும். லீவரை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டிலோ மூன்றிலோ பிடித்து வைக்க வேண்டும். தெரிந்தவர் செய்வார். குடும்பத்தில் வேறு யாராவது ஓட்டினால் அடிவாரத்தில் கல்லாறு வரும்போது சக்கரத்திலிருந்து கருகின நெடி வரும்.

பிரேக் ஆயிலை மலைக்காரர்கள் இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். அது ஈரத்தை இழுக்கும் திரவம். தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறிப் பெய்து, மிச்ச நாளில் பனிமூட்டம் இறங்கும் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. புது டாட் 4 கொதிப்பது 230 டிகிரிக்கு மேல். ஈரம் ஏறிய பிறகு அதே ஆயில் 155-லேயே கொதிக்கலாம். டாட் 3 என்றால் 205, 140. டிராக்கில், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் பக்கம் அந்தச் சூடு வருவது சாதாரணம். வருடம் ஒருமுறை முழுதாக மாற்றி, நாலு சக்கரத்திலும் குழாயில் மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும், அதாவது பிளீட் செய்ய வேண்டும். 1 லிட்டர் டப்பா போதும். டாட் 5.1-ம் ஊற்றலாம். ஆனால் டாட் 5 என்று மட்டும் போட்டிருப்பது சிலிக்கான், அதைக் கலக்கவே கூடாது. கடையில் அவசரத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

டிராக்கில் பிரேக் தளர்ந்தால் எது தளர்ந்தது என்று காலே சொல்லும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால் பேட் சூடாகிவிட்டது. இரண்டு சுற்று மெதுவாக ஓட்டினால் சரியாகும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொட்டால் ஆயில் கொதித்துவிட்டது. அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும். பிளீட் செய்யாமல் மலை ஏறுவதும் கூடாது. கம்பெனி பேடோடு போகிறவர்கள் நாலைந்து வேகச் சுற்று, ஒரு ஆறும் சுற்று என்று வைத்துக்கொள்வது நல்லது. பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் கிளம்பவே வேண்டாம். மெல்லிய பேட் சூட்டை நேராகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்தும். டிராக் ஓரத்துப் பிட்டில் வந்து நிறுத்தியதும் பிரேக் பெடலை மிதித்துக்கொண்டே இருக்காமல் கியரில் (டிஎஸ்ஜி என்றால் பி-யில்) போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டிஸ்க்கைப் பேட் ஒரே இடத்தில் கவ்விப் பிடித்தால் அங்கே பேடின் பொருள் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் அதிரும். டிஸ்க் பெண்ட் ஆகிவிட்டது என்று மாற்றச் சொல்வதில் பாதி இந்தக் கதைதான்.

அடுத்தது கிளட்ச். போலோவின் டிஎஸ்ஜியில் இருப்பது ஆயிலில் நனையாத இரண்டு உலர் பிளேட். ஓடும்போது அருமை, டிராக்கில் அது கியர் மாற்றும் வேகத்துக்கு எந்தக் கையும் ஈடு கொடுக்காது. அதற்குப் பிடிக்காதது ஊர்வது. மே மாதச் சீசனில் மலர்க் கண்காட்சிக் கூட்டம் வந்துவிட்டால் குன்னூர் பேருந்து நிலையத்தைச் சுற்றி வண்டிகள் அடி அடியாகத்தான் நகரும், அதுவும் ஏற்றத்தில். ஒவ்வொரு அடிக்கும் பிளேட் அரைகுறையாகப் பிடித்து வழுக்கும். டிராக்கில் சூடான கியர்பாக்ஸோடு அப்படி மாட்டினால் எச்சரிக்கை விளக்கு எரிய வாய்ப்பு உண்டு. ஆக்சிலரேட்டரால் வண்டியை ஏற்றத்தில் தாங்கிப் பிடிக்காமல், பிரேக்கில் நின்று, முன்னால் இடைவெளி விழுந்த பிறகு ஒரே மூச்சாக நகர்த்தினால் ஆயுள் கூடும். தேய்ந்தால் மாற்றத் தனி டூலும் பழகிய கையும் வேண்டும், பெரும்பாலும் கோவைக்குத்தான் இறங்க வேண்டியிருக்கும். ஸ்விஃப்டின் கிளட்சை மலையிலேயே ஒரு நல்ல மெக்கானிக் மாற்றிக் கொடுத்துவிடுவார். செலவு பல மடங்கு குறைவு.

டயரில் போலோவின் பிந்தைய 195/55 ஆர்16 அகலமும் பிடிப்பும் உள்ளது, விலையும் கூட. ஸ்விஃப்டின் 185/65 ஆர்15 மேட்டுப்பாளையத்திலேயே கிடைக்கும். இரண்டிலும் முன் டயரின் வெளி ஓரம்தான் முதலில் போகும். திரும்பும் வழியில் பர்லியாருக்கு மேல் மழை இருந்தால் அந்த ஓரம்தான் உயிர். காற்று விஷயத்தில் மலைக்கென்று ஒரு விசித்திரம் உண்டு. குன்னூரில் அதிகாலைக் குளிரில் 33 பிஎஸ்ஐ வைத்து இறங்கினால், உயரம் குறைவதால் மட்டும் கேஜில் 2 பிஎஸ்ஐக்கு மேல் குறையும். கீழே இருக்கும் வெயில் ஏறக்குறைய அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். எனவே டிராக்கிலேயே அளந்து, டயர் ஆறியிருக்கையில் 29, 30-ல் தொடங்கி, செஷன் முடிந்த சூட்டில் 34, 35-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டெப்னி, ஜாக்கி, மேட் எல்லாவற்றையும் சுற்றுக்கு முன் இறக்கி வையுங்கள். கிளம்பும்போது மறக்காமல் ஏற்றுங்கள்.

போலோவின் பக்கம் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு: பாதுகாப்பு. இரண்டு ஏர்பேக் உள்ள போலோ 2014-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கு 4 நட்சத்திரம் வாங்கியது. இந்த ஸ்விஃப்ட் 2018-ல் 2, விதிகள் கடுமையான பிறகு 2022-ல் 1. ஜிடி டிஎஸ்ஐயில் வண்டி சறுக்காமல் பார்க்கும் ஈஎஸ்பி, ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு இரண்டும் உண்டு. யூகலிப்டஸ் இலை ஊறிக் கிடக்கும் ஈரச் சாலையில் அது சின்ன விஷயம் இல்லை. தினமும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுபவர், டிராக்குக்கு வருடத்தில் ஒருமுறை போனால் அதிகம் என்பவர் போலோ வாங்குவதில் தப்பே இல்லை. இருங்காட்டுக்கோட்டை மாதிரி 3.7 கிலோமீட்டர் டிராக்கில் நீண்ட நேர்கோட்டிலும் அதன் டர்போவுக்கு மரியாதை கூடும்.

இடையில் பலேனோ ஆர்எஸ் என்று ஒன்று வந்து போனது: 950 கிலோ, 102 பிஎஸ் டர்போ, மேனுவல், நாலு சக்கரத்திலும் டிஸ்க். நல்ல நிலையில் கண்ணில் பட்டால் இரண்டையும் மறந்துவிட்டு அதைப் போய்ப் பாருங்கள். கண்ணில் படுவதுதான் கஷ்டம். ஐ20 என் லைனை நான் மலையில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன், 120 பிஎஸ் அங்கே தாராளம். டிராக் பற்றி ஓட்டியவர்களைக் கேளுங்கள்.

எந்த வண்டியானாலும் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் ஏற்காது. டிராக்கில் இடித்தால் செலவு உங்களுடையது என்று வைத்துக்கொண்டே போங்கள். கோவை எண்ணுள்ள பழைய வண்டி வாங்கினால், முகவரி மாற்றினாலும் எண் மாறாது. வெளியூர் வண்டிகளுக்கான கல்லாறு இ-பாஸ் சோதனையில் உள்ளூர் என்று காட்டச் சான்று கையில் இருக்கட்டும்.

வாங்கும் முன், ஸ்விஃப்டில் முன் டிஸ்க்கின் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், மேடு தட்டினால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள், தேய்ந்திருந்தால் வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினால் தட்டும் சத்தம் வரும். போலோவை அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிச் சூடேற்றிய பிறகு, செங்குத்தான ஏற்றத்தில் ரிவர்ஸ் போட்டு ஆக்சிலரேட்டர் தொடாமல் மெல்ல நகர விடுங்கள். உதறினாலோ, ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகையில் இடித்தாலோ, விலை பேசாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.