டைஃபாய்டு: விடால் சோதனையா, இரத்த வளர்ப்புச் சோதனையா?

மதுரை செல்லூர்ப் பக்கம் காய்ச்சல் நான்கு நாளைத் தாண்டினால் டைஃபாய்டா என்று அறியப் பலரும் கேட்பது விடால் எனும் இரத்தச் சோதனையைத்தான். செலவு குறைவு, முடிவும் அன்றே கைக்கு வந்துவிடும். ஆனால் 1896-இல் வந்த அச்சோதனை கிருமியைத் தேடாமல், அதற்கெதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையே தேடுவதால், முதல் வாரத்தில் ஒன்றும் காட்டாமல் போகலாம். பழைய தொற்றையோ போட்ட தடுப்பூசியையோ இன்றைய நோயெனக் காட்டிவிடவும் கூடும்.

வளர்ப்புச் சோதனையில், பெரியவர்களிடம் 8 முதல் 10 மில்லி இரத்தம் எடுத்து, ஊட்டக் கரைசல் உள்ள குப்பியில் வளர விடுகிறார்கள். டைஃபாய்டுக் கிருமியான சால்மோனெல்லா டைஃபி வளர்ந்தால், கிராம் எனும் சாயமிடும் முறையில் இளஞ்சிவப்புக் குச்சிகளாக நுண்ணோக்கியில் தெரியும். எந்த மருந்துக்கு அடங்கும் என்பதையும் கண்டறியலாம். சில நாள் காத்திருக்க வேண்டும். கிருமி சிக்காமல் போவதும் உண்டு. இருந்தும் என் தேர்வு இதுவே. ஆன்டிபயாட்டிக் மாத்திரையை விழுங்கும் முன்பே இரத்தம் கொடுத்துவிடுங்கள்.