கரிந்த தானியங்களைக் காலக்கணிப்புக்குத் தயார் செய்யும் ஆய்வகச் சேவை: ஒரு மதிப்பீடு

அகழாய்வில் கிடைத்த தாவர எச்சங்களைக் கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்புக்கு (எஞ்சியுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து வயதைக் கணிக்கும் முறைக்கு)த் தயார் செய்துதரும் ஆய்வகம் ஒன்றின் சேவையைப் பயன்படுத்தியதன் அடிப்படையில் இதை எழுதுகிறேன். கரிந்த தானியங்களை நம்பி ஒப்படைக்கலாம்; ஆனால், செய்த வேலையை எழுதித் தருவதில் அவர்கள் காட்டும் சிக்கனம் ஏற்கத்தக்கதன்று.

மாதிரி வந்தவுடன் அதை அமிலத்தில் இட்டுவிடுவதில்லை. இனம் கண்டறியப்பட்டதா, எடை பார்த்து நிழற்படம் எடுத்தாகிவிட்டதா என்று முதலில் கேட்கிறார்கள். அளவீட்டுக்காக எரிக்கப்படும் தானியம் திரும்பக் கிடைக்காது அல்லவா? ஒரே மண்ணடுக்கிலிருந்து மரக்கரியும் தானியமும் அனுப்பியபோது தானியத்தையே பரிந்துரைத்தார்கள். நெடுங்காலம் வாழ்ந்த மரத்தின் உள்வளையங்கள், அது வெட்டப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவையாக இருக்கக்கூடும். ஓராண்டுப் பயிரின் விதையில் அந்த இடர் இல்லை.

நுண்ணோக்கியின் கீழ் வேர்த்துகள்களை அகற்றிய பின் அமிலம், காரம், மீண்டும் அமிலம் என்ற வழக்கமான வரிசை தொடங்குகிறது. முதல் அமிலம் கார்பனேட்டுகளையும், காரம் மண்ணிலிருந்து ஊறிய ஹியூமிக் அமிலங்களையும் (மட்கிய தாவரங்களிலிருந்து உருவாகும் பொருள்கள்), கடைசி அமிலம் காரக் கரைசல் காற்றிலிருந்து உறிஞ்சிய கார்பன் டை ஆக்சைடையும் நீக்குகின்றன. ஓர் ஆய்வகத்தின் பக்குவம் தெரிவது காரத்தில்தான்: குறைந்தால் மாசு தங்கிவிடும், மிகுந்தால் அரைகுறையாகக் கரிந்த மணிகள் முழுவதுமே பழுப்பு நீராகக் கரைந்துபோகும். இவர்கள் வலுக்குறைந்த சோடியம் ஹைட்ராக்சைடில் தொடங்கி, கரைசலின் நிறத்தைக் கவனித்தே அடுத்த கழுவலை முடிவு செய்கிறார்கள். மிக நொய்ந்திருந்த என் சிறுதானிய மணிகள் தப்பியது அதனால்தான்.

இவை அனைத்தும் நான் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டவை. அறிக்கையில் இருப்பதோ, ‘அமில-கார-அமில முறை பின்பற்றப்பட்டது’ என்னும் ஒரே வரி. கரைசலின் வலு, வெப்பநிலை, நேரம், ஒவ்வொரு படியிலும் எஞ்சிய எடை ஆகியவை இல்லாமல், முடிவை வேறொருவர் எப்படிச் சரிபார்ப்பது? 3000 ஆண்டுப் பழமையுள்ள மாதிரியில் இக்காலக் கார்பன் 1 விழுக்காடு தங்கினாலே வயது ஏறத்தாழ 35 ஆண்டுகள் குறைந்து தெரியும். அறிக்கையில் அச்சாகும் பிழைவரம்பே பல வேளைகளில் அவ்வளவுதான். முற்றிலும் கதிரியக்கக் கார்பன் அற்ற மாதிரியாயின், அதே மாசு அதனை 37,000 ஆண்டுப் பழமையுடையதாகக் காட்டிவிடும்.

பொதி செய்வது குறித்த அவர்களுடைய குறிப்பு தெளிவானது: கண்ணாடிக் குப்பி அல்லது அலுமினியத் தாள் போதும், பஞ்சும் காகிதமும் கூடாது, ஒட்டுப்பசையால் வலுப்படுத்திய மணிகளை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மாதிரி அனுப்புவோர், எடைப் பதிவுகளை எழுத்தில் தரவேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுவது நல்லது, கேட்டால் மறுப்பதில்லை.