ஜாவாஸ்கிரிப்டில் ரிக்வயரா, இம்போர்ட்டா?
ஒரு ஃபைலில் இருக்கும் கோடை இன்னொரு ஃபைலுக்குள் கொண்டுவர இரண்டு வழி. நோடில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் கருவி) பழைய வழி ரிக்வயர். அது சாதாரண ஃபங்ஷன்தான், அதனால் இஃப்புக்குள்ளே, லூப்புக்குள்ளே எங்கே வேண்டுமானாலும் கூப்பிடலாம். அந்த வரிக்கு வந்தபிறகுதான் ஃபைலைத் தேடி, முழுசாக ஓட்டி, கிடைத்ததை கேஷில் (மறுபடி கேட்டால் உடனே தர எடுத்துவைக்கும் இடம்) வைத்துக்கொண்டு அடுத்த வரிக்கு நகரும். 2015-இல் மொழிக்குள்ளேயே வந்த இம்போர்ட் வேறு ரகம்: எந்த ஃபைல் எதைக் கேட்கிறது என்பதை கோடு ஓடும் முன்பே பார்த்துவிடும், பெயர் தப்பென்றால் அங்கேயே நிறுத்திவிடும். ரிக்வயரில் அதே தப்பு அன்டிஃபைன்ட் (மதிப்பே இல்லாதது) ஆகி எங்கேயோ போய் வெடிக்கும் (ஒரு ராத்திரித் தூக்கம் எனக்கு இப்படித்தான் போனது). அப்புறம், ரிக்வயரில் இன்னொரு ஃபைலிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்த எண் அப்போதைய நகல். இம்போர்ட்டில் மூல ஃபைலில் மாறினால் இங்கேயும் மாறும். புது வேலைக்கு நான் இம்போர்ட்தான். கோடு ஓடும்போது பாதியில் ஒரு ஃபைலை ஏற்ற வேண்டுமா, டைனமிக் இம்போர்ட் இருக்கிறது, ஆனால் அது ப்ராமிஸ்தான் (கையில் உடனே வராமல், பிறகு வரப்போகும் மதிப்புக்கான சீட்டு) தரும்.