பெருவிரல் சத்திரசிகிச்சைக்கு எந்தக் கோட்: ஹாலக்ஸ் வால்கஸா, பன்யனா?

கொழும்பு யூனியன் பிளேஸில் எங்களுக்கு இரவு வேலை. அமெரிக்கப் பாத வைத்தியர்களின் பில்களைக் காப்புறுதிக்காரருக்கு நாங்கள்தான் அனுப்புகிறோம். ஒவ்வொரு பில்லிலும் நோய்க்கு ஒரு கோட் (எம் என்று தொடங்கும் குறியீட்டெண்), செய்த சிகிச்சைக்கு ஒரு கோட் போட வேண்டும். கோடையில் நியூயோர்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை ஆறரை. போன கிழமை புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி வந்து கேட்டா: “அக்கா, வலது பெருவிரலடியில எலும்பு புடைச்சிருக்கு எண்டு நோட்டில கிடக்கு. எலும்பு வெட்டித் திருத்தியிருக்கினம். எம் 21.611 போடட்டோ, எம் 20.11 போடட்டோ?”

முதலாவது பன்யன், அதாவது பெருவிரலின் அடிமூட்டில் உட்பக்கமாக வரும் புடைப்பு. இரண்டாவது ஹாலக்ஸ் வால்கஸ். பெருவிரலே மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்துபோவது. 2016 ஒக்டோபர் வரை பன்யனும் எம் 20.1-க்குள்தான் போனது. தனிக் கோட் வந்த பிறகுதான் இந்தக் குழப்பம்.

வைத்தியர் எழுதியிருந்தால் நான் ஹாலக்ஸ் வால்கஸையே முதலில் போடுவேன். இந்த எலும்பு வெட்டும் சத்திரசிகிச்சைக்கான கோட் சிபிடி 28296 (சிபிடி என்பது சிகிச்சைக் கோட்களின் பட்டியல்). அதன் விளக்கமே ‘ஹாலக்ஸ் வால்கஸைத் திருத்துதல்’ என்றுதான் தொடங்குகிறது. பாத எலும்பின் முன்முனையை வெட்டி நகர்த்துவது கோணலை நிமிர்த்தத்தான். புடைப்பை மட்டும் சீவுவதற்கு அவ்வளவு தேவையில்லை. காப்புறுதிக்காரர் கோப்பைத் திறந்தால் ‘எலும்பை ஏன் வெட்டினீர்கள்?’ என்றுதான் பார்ப்பார். அதற்குப் பதில் எம் 20.11-இல் இருக்கிறது. புடைப்பு என்று மட்டும் சொன்னால் அந்தப் பதில் பாதியில் நிற்கிறது.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். இடது கால் ஒன்றுக்கு எம் 21.612-ஐ மட்டும் போட்டு அனுப்பினேன். மறுத்துத் திருப்பி அனுப்பினார்கள். சத்திரசிகிச்சைக் குறிப்பில் ‘ஹாலக்ஸ் வால்கஸ்’ என்று வைத்தியர் தெளிவாக எழுதியிருந்தார். நான்தான் மேலே இருந்த முதல் வரியோடு நின்றுவிட்டேன். திருத்திய கிளெய்முக்குப் பணம் வரும்வரை அந்தக் கிளினிக் காத்திருந்தது. அன்றிலிருந்து குறிப்பைக் கடைசி வரி வரை வாசிக்காமல் கோட் போடுவதில்லை.

ஆனால் குறிப்பில் இல்லாததை நாங்கள் சேர்க்க முடியாது. எக்ஸ்ரேயில் விரல் கோணம் 15 பாகையைத் தாண்டினால் வழக்கத்துக்கு மாறானது என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் அந்த எண்ணை வைத்து நோயின் பெயரை நாங்கள் எழுதக்கூடாது; வைத்தியர்தான் எழுத வேண்டும். அவர் பன்யன் என்று மட்டும் எழுதியிருந்தால் பன்யன்தான். இரண்டையும் எழுதியிருந்தால் இரண்டையும் போடலாம்; எம் 20.1-இன் கீழுள்ள விலக்குக் குறிப்பு இரண்டாம் வகை, அதாவது இரண்டு நோயும் இருந்தால் இரண்டு கோட்டையும் சேர்த்துப் போட விடும் வகை என்பதால் தடையில்லை.

பாத வலிக்கான எம் 79.671 இங்கே வேண்டாம். காரணம் உறுதியானபின் அதனோடு கூடவே வரும் வலிக்குத் தனிக் கோட் கிடையாது. எந்தக் கால் என்று சொல்லாத எம் 20.10-உம் வேண்டாம், சிகிச்சைக் கோட்டோடு சேர்க்கும் டி5 (T5) என்ற மொடிஃபையரே, அதாவது துணைக்குறியே, வலது பெருவிரல் என்று சொல்லும்போது நோய்க்கோட் மட்டும் பக்கம் தெரியாமல் நிற்பது அழகில்லை.

அதே நாளில் பக்கத்து விரலின் ஹேமர் டோவையும் (சுத்தியல்போல வளைந்த விரல்) திருத்தியிருந்தால், அந்தச் சிகிச்சைக்கான 28285 வரிக்கு வலது இரண்டாம் விரலைக் காட்டும் டி6 (T6) போட்டு, பில் அனுப்பும் சிஎம்எஸ்-1500 படிவத்தின் 24ஈ (24E) கட்டத்தில் ஹேமர் டோவின் நோய்க்கோடான எம் 20.41-ஐச் சுட்டுங்கள். பெருவிரலின் கோட்டை அந்த வரிக்கும் இழுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

பாதத்தின் நடுப்பகுதி மூட்டை இணைத்துக் கோணலைத் திருத்தும் லாபிடஸ் முறையான 28297 என் கைக்கு வந்தது மிகக் குறைவு. அங்கேயும் இதே ஒழுங்கைத்தான் வைத்தேன், ஆனால் அனுபவசாலி ஒருவரிடம் காட்டிய பிறகே அனுப்பினேன்.

தங்கச்சியோடு அந்த நோட்டை முழுதாக வாசித்தோம். ஹாலக்ஸ் வால்கஸ் என்ற சொல் எங்குமே இல்லை. ‘எந்த நோய்நிலைக்காக எலும்பு வெட்டப்பட்டது?’ என்று, பதிலை நாங்களே ஊட்டாமல், வைத்தியருக்குக் கேள்வி அனுப்பினோம். பதில் வரும்வரை கிளெய்ம் எங்கள் மேசையில்தான்.